திரும்பக் கூப்பிட முடியாத எண்: ஒரு சாட்டிலைட் போன் தேர்வும் அதன் பின்கதையும்

பின்னணி

2023 ஜூலையில் ஐந்து பேர் வட அட்சரேகை 71 டிகிரியைத் தாண்டி, ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு ஃபியோர்டில் 18 நாள் முகாமிட்டுத் திரும்பத் திட்டமிட்டார்கள். கடல் நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து, இருபுறமும் பாறைச் சுவர் செங்குத்தாக எழும் இடத்தைத்தான் ஃபியோர்டு என்கிறோம். ஒரு படகு கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடும். 18ஆம் நாள் அதே படகு போய் ஏற்றிக்கொள்ளும். மொபைல் சிக்னல் கடைசியாகக் கிடைக்கும் இடத்திலிருந்து முகாமுக்குப் படகிலேயே ஏழு மணி நேரம்.

ஐவரில் மூத்தவருக்கு வயது 58. மருத்துவப் படிப்பு உள்ளவர் யாரும் குழுவில் இல்லை. ஒருவர் மட்டும் முதலுதவிப் பயிற்சி முடித்திருந்தார். போனையும், அதில் பேசும் நிமிடங்களுக்கான கார்டையும் தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் கூடப் போகவில்லை. அவர்கள் அனுப்புவதை வாங்கி, பதில் சொல்லி, தேவைப்பட்டால் மற்றவர்களைக் கூப்பிடும் வெளித்தொடர்பாளர் வேலையும் என்னுடையதே. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் நான் செய்தவை.

நெட்வொர்க்: ஒரே மாலையில் முடிந்த தேர்வு

சாட்டிலைட் போன் என்றதும் எல்லோரும் கருவியைப் பற்றித்தான் பேசுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது, போகிற இடத்தின் தலைக்கு மேல் எந்த நிறுவனத்தின் செயற்கைக்கோள் வருகிறது என்பதை. அதைப் பார்த்ததுமே துராயா, குளோபல்ஸ்டார், இன்மார்சாட், இரிடியம் என்று நான்கு நிறுவனங்கள் இருந்த பட்டியல் சுருங்கிவிட்டது.

துராயாவின் சேவைப் பகுதி அவ்வளவு வடக்கே எட்டாது. குளோபல்ஸ்டாரின் கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு 52 டிகிரி சாய்வில் சுற்றுகின்றன. அதனால் 52 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே அவை போவதே இல்லை. அதோடு அந்த அமைப்பில் நம் அழைப்பு கோளிலிருந்து நேராக ஒரு தரை நிலையத்துக்கு இறங்கியாக வேண்டும், அதுவும் அருகில் இல்லை. குழுவில் ஒருவர், “என் ஐபோன் 14ல் சாட்டிலைட் எஸ்ஓஎஸ் இருக்கிறதே” என்றார். அதுவும் குளோபல்ஸ்டாரை நம்பியதுதான். 62 டிகிரிக்கு மேலே வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது.

இன்மார்சாட் கொஞ்சம் யோசிக்க வைத்தது. அதன் கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். கையடக்கக் கருவியின் பேட்டரியும் நன்றாக நிற்கும். ஐசாட்போன் 2க்கு எட்டு மணி நேரப் பேச்சு என்கிறார்கள். ஆனால் 71 டிகிரியிலிருந்து பார்த்தால் அந்தக் கோள் அதிகபட்சம் அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. தெற்கே ஒரு முஷ்டி உயரத்துக்கு மேல் பாறை இருந்தால் போன் வெறும் பொம்மைதான். ஃபியோர்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதைவிட உயரமான பாறை இருக்கும்.

மிஞ்சியது இரிடியம். 66 கோள்கள், சுமார் 780 கி.மீ. உயரத்தில், ஏறக்குறைய துருவத்துக்குத் துருவம் சுற்றுகின்றன. எல்லாப் பாதைகளும் துருவத்தருகே நெருங்கி வருவதால் வடக்கே போகப் போகத் தலைக்கு மேல் கோள்கள் கூடும். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதால் பக்கத்தில் தரை நிலையம் தேவையில்லை. குறை என்னவென்றால் ஒவ்வொரு கோளும் சில நிமிடத்தில் கடந்து போய்விடும். வானம் குறுகலாகத் தெரியும் இடத்தில், ஒன்று மறைந்து அடுத்தது வருவதற்குள் அழைப்பு அறுந்துவிடும்.

கருவி, வாடகைக்கு எடுத்த இரிடியம் 9555. ஜிபிஎஸ் கிடையாது, அவசரப் பொத்தானும் கிடையாது. நான்கு மணி நேரப் பேச்சு, 30 மணி நேரக் காத்திருப்பு. இருப்பிடம் பார்க்கக் குழுவிடம் தனி ஜிபிஎஸ் இருந்ததால் இது போதும் என்று முடிவு செய்தேன். அதே கோள்கள் வழியாக எழுத்துச் செய்தி மட்டும் அனுப்பி வாங்கும், இருப்பிடத்தையும் தானே சேர்த்தனுப்பும் கார்மின் இன்ரீச் போன்ற கருவியும் பேச்சில் வந்தது. “அவசரத்தில் பேச முடியாதே” என்று தள்ளிவிட்டோம். அப்போது யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

போனை நாங்கள் வாங்கி அனுப்பாமல், போகிற நாட்டிலேயே வாடகைக்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. சாட்டிலைட் போன் வைத்திருப்பதற்கே அனுமதி கேட்கும் நாடுகள் சில இருக்கின்றன. இந்தியாவில் துராயா, இரிடியம் போன்களுக்குத் தடை. மற்றவற்றுக்கும் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். வழியில் விமானம் மாறும் இடத்தில், அணைத்துப் பைக்குள் வைத்திருந்தாலும் சிக்கல் சிக்கல்தான். இந்த ஒரு முடிவில் மட்டும் இன்றும் எனக்குக் குறை தெரியவில்லை.

கார்டு: மேலோட்டமாக முடிந்த தேர்வு

மாதச் சந்தா, முன்பணக் கார்டு என்று இரண்டு வழி. ஒரே ஒரு பயணம் என்பதால் முன்பணக் கார்டு. சில கார்டுகள் குறிப்பிட்ட பிராந்தியத்துக்குள் மட்டும்தான் செல்லும், அதைத் தவிர்த்தேன். 75 நிமிடம், 30 நாள் செல்லுபடி என்ற கார்டை எடுத்தேன்.

என் கணக்கு இதுதான்: தினம் ஒரு எஸ்எம்எஸ், வாரம் ஒரு முறை வானிலை கேட்க மூன்று நிமிடம், மற்றதெல்லாம் அவசரத்துக்கு. முன்பணக் கார்டில் எஸ்எம்எஸ்ஸும் அதே நிமிடக் கணக்கில்தான் கழியும். அப்படியும் மீதம்தான். 30 நாள் என்பதும் 18 நாள் பயணத்துக்குத் தாராளமாகப் பட்டது.

முன்னதாகவே அந்த நாட்டுக்குப் போய்விட்ட ஒருவர், பயணம் தொடங்க 11 நாள் இருக்கும்போது போனை வாங்கி, கார்டை இயக்கி, எனக்கு ஒரு முறை பேசிப் பார்த்தார். குரல் தெளிவாக இருந்தது. சோதனை முடிந்தது என்று குறித்துக்கொண்டேன். அவர் என்னைக் கூப்பிட்டார், சரி. நான் அவரைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. வேறு யாரையும் கூப்பிடச் சொல்லவும் இல்லை.

பேட்டரிக்காகப் போனை எப்போதும் அணைத்தே வைப்பது, காலையும் மாலையும் 15 நிமிடம் மட்டும் திறப்பது என்று ஏற்பாடு. உபரி பேட்டரி இரண்டும் குளிரில் இறங்கிவிடாமல் தூக்கப் பைக்குள்ளேயே இருந்தன.

முதல் 12 நாள்

சொல்ல அதிகம் இல்லை. தினமும் ஒரு வரி வந்தது. முகாமைக் காற்றுக்கு மறைவாகச் செங்குத்துப் பாறையின் அடியில் போட்டிருந்தார்கள். அங்கே போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்ததால், 400 மீட்டர் நடந்து, நீருக்குள் நாக்குப்போல் நீண்டிருந்த கூழாங்கல் திட்டுக்குப் போய்த்தான் அனுப்பினார்கள். இதை இரண்டாம் நாளே எனக்கு எழுதினார்கள். நல்ல இடமாகப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்ததோடு விட்டுவிட்டேன்.

13ஆம் நாள்

காலையில் அடுப்பிலிருந்து பாத்திரம் சரிந்து, கொதிக்கும் தண்ணீர் மூத்தவரின் இடது கால் மேல் கொட்டியது. காலுறையை உடனே கழற்றி, ஓடை நீரில் 20 நிமிடம் காலை வைத்திருந்தார்கள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி சரியாகச் செய்த காரியம் அது. பாதத்தின் மேல்புறம் முழுக்கக் கொப்புளம்.

அதன் பிறகு நடந்ததை நேர வரிசையில் தருகிறேன்.

முதலில் எனக்கு எஸ்எம்எஸ். அந்தக் கருவியில் தமிழ் எழுத்து கிடையாது, ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுதியாக வேண்டும். அவசரத்தில் ஒரு எழுத்து குறைந்து ‘கால்ல’ என்பது ‘கல்ல’ ஆகிவிட்டது. ‘கல்லில் சுடுதண்ணீர் கொட்டிவிட்டது, டாக்டரைக் கூப்பிடுகிறோம்’ என்று படித்தேன். கல்லில் கொட்டினால் டாக்டர் எதற்கு என்று இரண்டு நிமிடம் குழம்பியது உண்மை. விளங்கியதும் பதில் எழுதினேன். அதற்குள் அவர்கள் எஸ்எம்எஸ் பெட்டியை விட்டு, அழைப்புக்குப் போயிருந்தார்கள்.

அவர்கள் கூப்பிட்டது, முன்பே பேசி வைத்திருந்த டாக்டரை. அவர் குழுவில் ஒருவருக்கு நண்பர். மூன்று முறை மணி அடித்தது, எடுக்கவில்லை. இரிடியம் எண்கள் 8816 அல்லது 8817 என்று தொடங்கும். அப்படி ஒரு எண்ணை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. திருப்பிக் கூப்பிட்டால் பணத்தை உறிஞ்சும் மோசடி எண்களைப் பற்றிப் படித்திருந்தவர், மூன்றாவது அழைப்பு வந்ததும் அந்த எண்ணைத் தடுத்தே விட்டார். அவர் மேல் தப்பில்லை. போனின் எண்ணை அவருக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை.

அடுத்து, பயணக் காப்பீட்டின் மருத்துவ உதவி மையம். 17 நிமிடம் போனது. அதில் 11 நிமிடம் ‘காத்திருக்கவும்’ இசை. 780 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்கி வரும் அந்த இசையைத் திட்டின் மேல் ஒருவர் குளிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். காயத்தைப் பார்த்தவரோ 400 மீட்டர் தள்ளிக் கூடாரத்தில், காயம்பட்டவர் பக்கத்தில். “கொப்புளம் விரல்களுக்கு நடுவிலும் இருக்கிறதா?” என்ற கேள்விக்குத் திட்டின் மேல் நின்றவருக்குப் பதில் தெரியவில்லை. கடைசியில் அந்த மையத்து ஊழியர் பெயர், எண், இருப்பிடம் எல்லாம் குறித்துக்கொண்டு, “எங்கள் மருத்துவர் உங்களைத் திருப்பிக் கூப்பிடுவார்” என்றார்.

போனைத் திறந்து வைத்து, ஆன்டெனாவை நிமிர்த்தி, 40 நிமிடம் காத்திருந்தார்கள். அழைப்பு வரவில்லை.

பிறகு தெரிந்தது: அந்த மையத்தின் போன்களிலிருந்து சாட்டிலைட் எண்களுக்குப் போக வழியே அடைக்கப்பட்டிருந்தது. செலவும் மோசடியும் காரணமாகப் பல அலுவலகங்கள் இப்படி அடைத்து வைக்கின்றன. மருத்துவர் முயன்றிருக்கிறார், எண் தவறு என்று பதிவுக் குரல் வந்திருக்கிறது, கோப்பில் ‘தொடர்பு கிடைக்கவில்லை’ என்று எழுதிவிட்டார். குழு மறுபடி கூப்பிட்டது. நடுவில் அறுந்து, மறுபடி இசை, மறுபடி முதல் கேள்வியிலிருந்து. இன்னொரு 12 நிமிடம். காலையில் 60 நிமிடம் இருந்த கார்டில் 31 மிஞ்சியது. மருத்துவர் ஒருவரோடும் இன்னும் பேசியாகவில்லை.

வழியை மாற்றிய முடிவு

அதற்குள் என் எஸ்எம்எஸ்ஸைப் பார்த்திருந்தார்கள். நான் எழுதியது: ‘பேச வேண்டாம். எனக்கு மட்டும் எழுதுங்கள். டாக்டரிடம் நான் பேசுகிறேன்.’

இரிடியம் போனுக்கு, அந்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே இலவசமாக எஸ்எம்எஸ் அனுப்ப முடியும். வாங்குபவருக்கும் நிமிடம் கழியாது. நான் டாக்டரைச் சாதாரணப் போனில் பிடித்து, அவர் கேட்டதை அப்படியே தட்டச்சு செய்தேன். காயம் உள்ளங்கையைவிடப் பெரிதா? காலைச் சுற்றி வளையமாக இருக்கிறதா? தொட்டால் வலிக்கிறதா? விரல் நுனி நிறம் என்ன? சர்க்கரை நோய் உண்டா? ஒருவர் திட்டுக்கும் கூடாரத்துக்கும் நடந்து நடந்து பதில் கொண்டுவந்தார். மெதுவான வேலை. ஆனால் முக்கால் மணி நேரத்தில் முழுப் படமும் கிடைத்துவிட்டது.

பாதத்தில் தீக்காயம் என்றால் பொதுவாக ஆஸ்பத்திரியில் காட்டியாக வேண்டியதுதான் என்றார் டாக்டர். ஆனால் வளையமாக இல்லை, உணர்ச்சி இருக்கிறது, சர்க்கரை நோயும் இல்லை. 18ஆம் நாள் படகு வரைக்கும் காத்திருக்கலாம், நாளுக்கு இரண்டு முறை நிலவரம் வரவேண்டும், காய்ச்சலோ காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுவதோ தெரிந்தால் ஹெலிகாப்டர் கேட்க வேண்டும் என்பது அவர் முடிவு. முகாமை அன்றே கூழாங்கல் திட்டின் அருகே மாற்றினார்கள். காற்று அதிகம்தான். ஆனால் காயம்பட்டவர் படுத்த இடத்திலிருந்தே போன் பேசியது.

14ஆம் நாள்: 26 கிலோமீட்டர்

மறுநாள் உதவி மையத்திடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல், கோப்பின் நகலோடு. அதிலிருந்த இருப்பிடத்தை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். புள்ளி ஃபியோர்டில் இல்லை, அதற்குத் தெற்கே பனிப்பாறை மேல் போய் விழுந்தது.

குழுவின் ஜிபிஎஸ், டிகிரி-நிமிடக் கணக்கில் 71 டிகிரி 35 நிமிடம் என்று காட்டியது. திட்டின் மேல் நின்றவர் “எழுபத்தொன்று, முப்பத்தைந்து” என்று வாசித்தார். எதிர்முனையில் இருந்தவர் 71.35 என்று எழுதினார். 71.35 டிகிரி என்பது 71 டிகிரி 21 நிமிடம். வித்தியாசம் 14 நிமிடம், அதாவது 14 கடல் மைல், 26 கிலோமீட்டர் தெற்கே. ஹெலிகாப்டர் கேட்டிருந்தால் அங்கேதான் போயிருக்கும். பயணம் முழுவதிலும் நான் உண்மையிலேயே பயந்த நேரம் அந்த மின்னஞ்சலைப் பார்த்த நேரம்தான்.

கோப்பைத் திருத்த வைத்தேன். அதோடு அமெரிக்காவில் இருக்கும் ஒரு சாதாரண எண்ணைக் கூப்பிட்டு, அங்கிருந்து இரிடியம் எண்ணைத் தட்டும் வழியையும் அவர்களிடம் சொன்னேன். அதில் கூப்பிடுபவருக்கு அமெரிக்க அழைப்பின் கட்டணம்தான், நிமிடம் நம் கார்டில் கழியும். 15ஆம் நாள் மாலை அந்த வழியாக மருத்துவர் ஒருவர் நான்கு நிமிடம் பேசினார். காயம்பட்டவர் தானே பேசினார். குரலைக் கேட்டே மருத்துவர் பாதி தெளிந்துவிட்டார் என்று நினைக்கிறேன். ‘சாப்பிடுகிறாரா’ என்று எழுத்தில் கேட்பதற்கும், அவர் வலியைச் சொல்லும் விதத்தைக் காதால் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

17ஆம் நாள்: காலாவதி

ஃபியோர்டின் வாயில் மிதக்கும் பனியைக் காற்று கொண்டுவந்து அடைத்துவிட்டது. 18ஆம் நாள் வர முடியாது, 20 ஆகலாம் என்றார் படகுக்காரர். இதைக் குழுவுக்கு எழுதும்போதுதான், கார்டு இயக்கிய அன்று வந்த மின்னஞ்சல் கண்ணில் பட்டது. 30 நாள் என்பது இயக்கிய நாளிலிருந்து. பயணத்துக்கு முன்பே 11 நாள் தீர்ந்திருந்தது. கார்டு 19ஆம் நாளோடு செத்துவிடும். நிமிடங்கள் மீதம் இருந்தும் பயனில்லை.

அன்று சனிக்கிழமை. வாடகைக்குக் கொடுத்த இடம் திங்கள்வரை மூடியிருந்தது. வேறொரு விற்பனையாளரிடம் இணையத்தில் புதுக் கார்டு வாங்கினேன். அதை ஏற்ற சிம்மின் நீண்ட எண் வேண்டும் என்றார்கள். வாடகைச் சீட்டில் போன் எண் மட்டும்தான் இருந்தது. சிம்மோ பேட்டரிக்கு அடியில். குழுவுக்கு எழுதினேன். அவர்கள் பேட்டரியைக் கழற்றி, எண்ணைத் தாளில் குறித்து, மறுபடி மாட்டி, சிக்னல் பிடித்து அனுப்பினார்கள். இரண்டு முறை அனுப்பச் சொன்னேன், ஒத்துப்பார்க்க. ஞாயிறு மதியம் கார்டு ஏறியது. காலாவதிக்குள் ஏற்றியதால் பழைய நிமிடங்களும் தப்பின.

விளைவு

20ஆம் நாள் மாலை படகு போய்ச் சேர்ந்தது. காய்ச்சல் வரவில்லை, சிவப்பும் பரவவில்லை. ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுத்தம் செய்து கட்டி அனுப்பிவிட்டார்கள், தோல் ஒட்ட வைக்கும் தேவை ஏற்படவில்லை.

நெட்வொர்க் தேர்வில் பிழை இல்லை. கருவியும் ஒருமுறைகூடக் கெடவில்லை. சிக்கல் வந்த இடமெல்லாம் எதிர்முனைதான்: எடுக்காத டாக்டர், கூப்பிட முடியாத அலுவலகம், தவறாக எழுதிய கை, தேதியைப் பார்க்காத நான். நாங்கள் வெளியே கூப்பிடுவதைப் பற்றியே யோசித்திருந்தோம், வெளியிலிருந்து எங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று யோசிக்கவே இல்லை. 13 முதல் 20 வரையான அந்த எட்டு நாளில் உருப்படியாக நடந்த தொடர்பு, ஒரே ஒரு நான்கு நிமிட அழைப்பைத் தவிர, எல்லாம் எழுத்தில் நடந்தது. “பேச முடியாதே” என்று நாங்கள் தள்ளிவிட்ட கருவி அந்த எழுத்தையும் அனுப்பியிருக்கும், இருப்பிடத்தையும் பிசகாமல் சேர்த்திருக்கும்.

மாற்றியவை

இப்போது எழுத்துச் செய்திக் கருவிதான் முதல். சாட்டிலைட் போன் இரண்டாவது, அதுவும் காயம்பட்டவர் பேச வேண்டி வந்தால் என்பதற்காக. கார்டின் காலாவதியைப் பயணம் முடியும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, பத்து நாளாவது மிச்சம் இருக்கும்படி எடுக்கிறோம். சிம் எண், போன் எண், கார்டு எண் மூன்றும் என்னிடம் புகைப்படமாக இருக்கும். இருப்பிடம் எப்போதும் தசம டிகிரியில் மட்டும், குரலில் சொன்னாலும் எழுத்தில் ஒருமுறை. போனின் எண், கூப்பிடப்படக்கூடிய எல்லோருடைய மொபைலிலும் பெயரோடு சேமிக்கப்பட்டிருக்கும். ஆங்கில எழுத்தில் எழுதும்போது நெடிலுக்கு எழுத்தை இரட்டிக்க வேண்டும் என்பதையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இதைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு.

முகாம் இடத்தைக் காற்றை வைத்துத் தேர்ந்தெடுப்பதா, வானத்தை வைத்தா என்பதில் குழுவுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. குளிரில் படுத்தவர்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

சோதனையும் மாறிவிட்டது. அடுத்த பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, புதிதாகக் காப்பீடு எடுத்த இடத்தைக் கூப்பிட்டு, எங்கள் சாட்டிலைட் எண்ணுக்கு இப்போதே ஒரு முறை அடித்துப் பாருங்கள் என்றேன். போனை மொட்டை மாடியில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன், அடிக்கவில்லை. அவர்களுடைய போனிலும் வழி அடைப்புதான். அமெரிக்க எண் வழியைச் சொன்னேன். இரண்டாவது முயற்சியில் அடித்தது. அந்த வழியைக் கோப்பின் முதல் வரியாக எழுதி வைக்கச் சொல்லி, நகலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டேன்.